வலிப்பை முகர்ந்தறியும் நாய்கள்: கலஹாவிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

 

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். சென்ற தவணையில் நடந்த ஒரு விடயம்தான் இதை எழுத வைத்தது. பிள்ளையின் பெயரையோ வகுப்பையோ பாடசாலையையோ சொல்லமாட்டோம். யாரென்று துருவிக் கேட்கவும் வேண்டாம்.

காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி வலிப்பு வந்து விழுந்தாள். "சாவி, சாவி" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எங்கள் பொக்கெட்டில் மோட்டார் சைக்கிள் சாவி இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கிய நாங்கள், அந்தச் சாவியை எடுத்து அவள் கைக்குள் திணித்தோம். இதை மறைத்து எழுத மனம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் ஓடி வந்து, தன் சால்வையால் பிள்ளையின் கால்களை மூடி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஒரு புத்தகப் பையை வைத்தார். வாய்க்குள் எதையும் வைக்கவில்லை, கை கால்களை அமுக்கிப் பிடிக்கவுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நிமிடத்துக்குள் அடங்கியது. ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் நேரம் பார்த்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் வீட்டுக்குப் போனோம். உம்மா எங்களை உள்ளே கூட்டி, முதலில் ஜன்னலைச் சாத்தினார். ஐந்து வருடமாகப் பிள்ளைக்கு இந்த நோய் இருக்கிறது. பேராதனையில் கிளினிக், மாதாமாதம் குளிசை. மாமி வீட்டாருக்குக்கூடத் தெரியாது. "நாளைக்கு ஒரு கலியாணம் பேசணுமே சேர்" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து ஒரு செம்மண் நிற நாய் வந்து போகுமாம். யாரும் வளர்க்கும் நாயில்லை. பிள்ளைக்கு வருத்தம் வரப்போகும் நாட்களில் அது வாசலை விட்டு நகராதாம். விளக்குமாற்றால் அடித்தாலும் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று, பிள்ளையையே பார்த்துக்கொண்டு முனகுமாம். கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுமாம்.

"இது உண்மையா சேர், இல்ல எனக்குத் தோணுறதா? நஜீஸான பிராணி, வீட்டுப் பக்கம் விடலாமா?"

இரண்டு கேள்விக்கும் அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. தமிழில் இதற்குக் காக்கை வலிப்பு என்று ஒரு பெயர். முயலகன் என்று இன்னொரு பழைய பெயர். நடராசர் சிலையின் காலடியில் ஒரு குறள் உருவம் மிதிபட்டுக் கிடக்கும் அல்லவா, அதன் பெயரும் முயலகன்தான். சமஸ்கிருதத்தில் அபஸ்மாரம். அதுவே ஆயுர்வேதத்தில் வலிப்பின் பெயர். திருச்சிக்கு அருகே திருவாசியில், கொல்லி மழவன் என்ற அரசனின் மகளைப் பிடித்திருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் நீக்கியதாகச் சைவர்கள் சொல்லும் வரலாறு ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஒரு பெண்பிள்ளை, கவலையில் ஒரு தகப்பன். அரபியில் ஸரஃ என்பார்கள், வீழ்த்துதல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். கிரேக்கர் இதைப் புனித நோய் என்றார்கள். ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூலொன்று, ஏறத்தாழ 2400 வருடங்களுக்கு முன்பே, இதில் புனிதம் ஒன்றுமில்லை, மூளையில் உண்டாகும் நோய்தான் என்று எழுதிவிட்டது. 1037 இல் வபாத்தான இப்னு ஸீனாவும் தன் அல்கானூனில் மூளையின் நோய்களோடு சேர்த்துத்தான் இதை வைத்தார். ஆனால் நம் ஊரில் இன்றைக்கும் முதல் ஓட்டம் நூல் கட்டவும் தண்ணீர் ஓதவும்தான். கிளினிக் இரண்டாவது. துஆ கேட்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. குளிசையை நிறுத்திவிட்டு நூல் கட்டுவதைத்தான் சொல்கிறோம்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்குத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் சொன்னபோது, அவர் பொறுமையைத் தெரிவு செய்தார். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டார். விழும்போது உடை விலகிவிடுகிறது, அது விலகாமலிருக்கத் துஆச் செய்யுங்கள் என்றார். நபியவர்கள் செய்தார்கள். ஜும்ஆவில் இதைப் பொறுமைக்கு உதாரணமாகப் பல தடவை கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை கூட்டத்தில் விழுந்ததைக் கண்ட பிறகு வேறு விதமாக விளங்குகிறது. நோயைத் தாங்கிக்கொள்கிறேன், நாலு பேர் முன்னால் வெளிப்பட்டுப் போவதைத் தாங்க முடியவில்லை என்றுதானே அந்தப் பெண் சொன்னார்? அந்த டீச்சரின் சால்வையும் அந்தத் துஆ கேட்டதையே செய்தது. விழப்போவதைப் பத்து நிமிடம் முன்பே அறிந்தால் ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதும் இதிலிருந்து தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பாயில் படுத்துவிடலாம்.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1857 இல் புரோமைட், 1912 இல் பீனோபாபிட்டோன், 1938 இல் பெனிற்றொயின். இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, ஒழுங்காக மருந்து எடுத்தால் அவர்களில் 70 வீதமானோர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மீதி 30 வீதத்தினரின் கதையில்தான் நாய் வருகிறது.

அதற்கு முன் நம் சொந்தப் பாதையைப் பற்றி ஒரு சொல். கண்டியிலிருந்து நாம் ஏறும் கலஹா பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவால்தான் வருகிறது. அந்த வீதிக்கே கலஹா வீதி என்றுதான் பெயர். அந்தப் பேராதனையில் வைத்தியப் பேராசிரியராக இருந்த நிமல் சேனாநாயக்க, வலிப்பு நோயைப் பற்றி உலகம் கவனித்த ஆய்வுகளை 1980களின் பின்பகுதியில் செய்தார். சோறு சாப்பிட உட்கார்ந்தால் வலிப்பு வரும் நோயாளிகளை அவர் இங்கே கண்டார். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. வேறு நாடுகளில் மிக அரிதாகக் காணப்பட்ட இந்த வகை, இலங்கையிலிருந்து ஏராளமாகப் பதிவானது. கடதாசி விளையாடும்போதும் தாம் ஆடும்போதும் வலிப்பு வந்தவர்களைப் பற்றியும் 1987 இல் எழுதினார். வளரும் நாடுகளில் வலிப்பு நோயின் நிலை குறித்து குஸ்தாவோ ரோமன் என்பவரோடு சேர்ந்து 1993 இல் உலக சுகாதார அமைப்பின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நாம் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு கடந்து போகும் இடத்தில் நடந்த வேலை இது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஒருவர் விழுந்தால் "கண் பட்டுவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்லியிருப்பார்கள். அதே நேரத்தில் அங்கே ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி நாய். நம் மலைநாட்டில் நாய்க்கு நல்ல பெயர் இல்லாததற்குக் காரணம் மார்க்கம் மட்டும் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை. 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்து மரைகளைத் துரத்திக்கொண்டிருந்தார். கோப்பித் தோட்டங்கள் அதற்கு முன்பே வந்திருந்தன. 1867 இல் நமக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். தோட்டம் என்றால் பங்களா, பங்களா என்றால் துரையின் நாய். தொழிலாளியின் பிள்ளை கேற்றுக்கு வெளியே நின்று பார்த்த நாய் அது. அந்த நாய்க்குக் கிடைத்த இறைச்சி லயத்துக்குக் கிடைக்கவில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெரு நாய் என்றால் வேறு பயம், விசர் நாய்க்கடி. 1893 இலேயே அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். 1970களில்கூட வருடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விசர் நாய்க்கடி நோயால் இந்த நாட்டில் இறந்தார்கள். தடுப்பூசி வந்த பிறகுதான் அந்தத் தொகை சில பத்துகளுக்கு இறங்கியது. ஆக, விளக்குமாறு தூக்கிய அந்த உம்மாவின் கையில் நூறு வருடப் பயமும் இருந்தது.

இதற்கு மறுபக்கமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில்தான். போதைப்பொருளையும் வெடிமருந்தையும் தேட அங்கே நாய்களைப் பழக்குகிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு வடக்கில் மிதிவெடி தேடியதிலும் நாய்களின் மூக்குக்குப் பங்குண்டு. மண்ணுக்குக் கீழே புதைந்த வெடியை முகரும் மூக்கு, மனித உடம்பில் வரும் மாற்றத்தையும் முகருமா? அதுதான் கேள்வி.

மனிதருக்குத் துணையாக நாயைப் பயிற்றும் வேலையும் ஒரு யுத்தத்தில்தான் தொடங்கியது. முதலாம் உலக யுத்தத்தில் கண்ணிழந்த படையினருக்காக ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் 1916 இல் வழிகாட்டி நாய்ப் பாடசாலை ஆரம்பமானது. 1929 இல் அமெரிக்கா, 1931 இல் பிரித்தானியா. வலிப்புக்கு நாய் என்ற எண்ணம் இவற்றுக்கெல்லாம் வெகு காலம் பிந்தியது. அது வந்த வழியும் வேறு. வைத்தியர்கள் கண்டுபிடித்து மக்களுக்குச் சொன்னதல்ல. நாய் வளர்க்கும் நோயாளிகள் "எங்கள் நாய்க்கு முன்கூட்டியே தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வைத்தியர்கள் நீண்ட காலம் நம்பவில்லை. கலஹாவில் அந்த உம்மா எங்களிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் ஷெபீல்டிலும் யாரோ ஓர் உம்மா கேட்டிருக்கிறார்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் சப்போர்ட் டோக்ஸ் என்ற அமைப்பில் வேல் ஸ்ட்ரோங் என்ற பெண்மணி நாய்களைப் பயிற்றினார். ஸ்டீபன் பிரவுண் என்ற வைத்தியரோடும் இன்னொருவரோடும் சேர்ந்து 1999 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பயிற்றிய நாய்கள் வலிப்புக்கு 15 முதல் 45 நிமிடங்களுக்கு முன் அடையாளம் காட்டின என்றது அது. 2002 இல் இன்னொன்று: பத்துப் பேரைத் தொடர்ந்து கவனித்ததில், நாய் வந்த பிறகு வலிப்பின் எண்ணிக்கையே சராசரியாக 43 வீதம் குறைந்திருந்தது. நாய் வலிப்பை நிறுத்தாது, பின் ஏன் குறைந்தது? எப்போது விழுவோமோ என்ற பயம் குறைந்ததால் இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. அதை நம்ப எங்களுக்குக் கஷ்டமில்லை. பரீட்சைக் காலத்தில் வருத்தம் கூடுவதாக அந்த உம்மாவும் சொன்னார்.

2004 இல் கனடாவின் கல்கரியில், வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்தார்கள். பயிற்சியே இல்லாத வீட்டு நாய்கள்கூடப் பிள்ளை விழுமுன் விசித்திரமாக நடந்துகொண்டதாகப் பல பெற்றோர் சொன்னார்கள். ஒரு நாய் சிறு பிள்ளையைப் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் வரலாறு என்றால் மறுத்தவர்களையும் எழுத வேண்டும். 2007 இல் அமெரிக்காவில் சிலரை, அவர்களது நாய்கள் வலிப்பை முன்கூட்டிச் சொல்கின்றன என்று பெயர் பெற்றவர்களை, வைத்தியசாலையில் வைத்து மூளையின் மின்னலைகளையும் வீடியோவையும் ஒன்றாகப் பதிந்து பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு வந்தது மூளையின் மின்கோளாறால் வரும் வலிப்பே அல்ல, மன அழுத்தத்தால் வரும் வேறு வகை. நாய் பொய் சொல்லவில்லை, ஏதோ ஒன்றைக் கண்டது, ஆனால் அது என்னவென்று மனிதருக்குத்தான் தெரியவில்லை. இன்னொன்று, மனிதர் நல்ல ஞாபகங்களை மட்டும் எண்ணுவார்கள். நாய் முனகி, பிள்ளை விழாத நாட்களை யார் குறித்து வைத்தார்? இதை அந்த உம்மாவிடம் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அதுவும் இருக்கு சேர்" என்றார்.

2019 இல் பிரான்ஸின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமேலி கத்தலா குழுவினர் மூக்கையே நேராகச் சோதித்தார்கள். நோயாளிகளுக்கு வலிப்பு வந்தபோது எடுத்த மூச்சு, வியர்வை மாதிரிகளையும், சாதாரண நேரத்திலும் உடற்பயிற்சியின்போதும் எடுத்தவற்றையும் பயிற்றிய ஐந்து நாய்களுக்கு முன்னால் வைத்தார்கள். மூன்று நாய்கள் ஒன்றும் பிழையாமல் வலிப்பின் மாதிரியைக் காட்டின, மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் காட்டின. ஆளுக்கு ஆள் நோய் வேறு, ஆனால் வாடையில் ஏதோ ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. 2021 இல் பெல்பாஸ்ட்டில் நீல் பவலும் குழுவினரும் 19 சாதாரண வளர்ப்பு நாய்களைச் சோதித்தார்கள். வலிப்பு நோயாளியோடு ஒருநாளும் பழகாத நாய்கள். வலிப்போடு சேர்ந்த வாடை வந்தபோது அவற்றின் நடத்தை மாறியது. 2024 இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில், மருந்துக்கு அடங்காத கடும் வலிப்புள்ள 25 பேரை மூன்று வருடம் கவனித்ததில், நாய் உள்ள காலத்தில் வலிப்பு ஏறத்தாழ 31 வீதம் குறைந்தது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்குப் பலன் கிடைக்கவேயில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வலிப்பு வருமுன் சொல்லும் நாய் ஒரு வகை. வலிப்பு வந்த பின் உதவும் நாய் இன்னொரு வகை: குரைத்து ஆளைக் கூப்பிடும், தொலைபேசியை எடுத்துவரும், விழுந்தவரின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். இரண்டாவதை நாய்க்குப் பயிற்றலாம். முதலாவது சில நாய்களில் தானாக வருவது, எல்லா நாய்களிடமும் எதிர்பார்க்க முடியாது. நம் பக்கத்தில் இரண்டில் ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு, சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியில் கட்டிய வலிப்பு நோய்க்கான தனி வைத்தியசாலை இருக்கிறது. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அஸ்கிரியவில் நாய் பழக்குபவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன என்று எங்களுக்கு ஓர் ஆசை. ஆனால் 2022 இல் ஒரு கார்ட் குளிசைக்காகக் கண்டியில் ஃபார்மசி ஃபார்மசியாக ஏறி இறங்கிய நாட்களும் ஞாபகம் வருகின்றன. முதலில் குளிசை.

அடுத்தது உம்மாவின் இரண்டாவது கேள்வி. நாங்கள் மௌலவி அல்ல, பத்வா சொல்லும் தகுதியும் இல்லை. தெரிந்தவரை இதுதான்: நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமானது என்ற கருத்தே இருக்கிறது. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைக்க ஹதீஸிலேயே அனுமதி உண்டு. நாம் சாதாரணமாகக் கடந்து போகும் ஒன்று சூரா மாஇதாவில் இருக்கிறது. பயிற்றப்பட்ட வேட்டை நாய் பிடித்து வந்ததை உண்ண அங்கே அனுமதி வருகிறது. பயிற்றப்பட்ட நாயும் சும்மா அலையும் நாயும் ஒன்றல்ல என்று இதிலிருந்தே விளங்குகிறதே. வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் சூரா கஹ்ஃபில் குகைவாசிகளின் நாய் முன்கால்களை நீட்டியபடி எங்கே படுத்திருக்கிறது? வாசலில். 2008 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கண் தெரியாத ஒரு முஸ்லிம் இளைஞர் தன் வழிகாட்டி நாயோடு பள்ளிவாசலுக்கு வர உலமாக்கள் அனுமதித்தார்கள். தொழும் இடத்துக்குள் அல்ல, வாசற் பகுதியில் நாய்க்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். அவர் தொழுது முடியும்வரை அது அங்கே காத்திருக்கும்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, ஊரில் நாங்கள் மதிக்கும் ஒரு மௌலவியிடம் காட்டினோம். அவர் முழுதும் வாசித்துவிட்டு, "வீட்டுக்குள்ள எடுக்கச் சொல்லாதீங்க. வாசல்ல இருக்கிறத வெரட்டவும் சொல்லாதீங்க" என்றார்.

போன சனிக்கிழமை மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். நாய்க்கு விசர் நாய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. வாப்பா ஒரு பழைய சாக்கை வாசற்படிக்குக் கீழே விரித்திருந்தார். அதற்கென்று ஒரு தனிச் சிரட்டை. பைப்படியில் ஒரு தகரத்தில் மண் அள்ளி வைத்திருந்தது. சமையலறைச் சுவரில் கலண்டர் தொங்கியது. நாய் முனகிய நாட்களுக்கு ஒரு வட்டமும் பிள்ளை விழுந்த நாட்களுக்கு ஒரு புள்ளடியும் பிள்ளையே தன் கையால் போடுகிறாள். ஏழு வட்டம், மூன்று புள்ளடி. மூன்று புள்ளடியும் வட்டத்துக்குள்ளேதான் இருந்தன. அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கலண்டரையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் வெளியே வரும்போது ஜன்னல் திறந்திருந்தது.